துண்டு வெட்டிய பிறகு

பேராதனையில் தொடங்கி நுவரெலியா, பதுளை, பிபிலை, மகா ஓயா என்று மலையும் காடும் வயலும் கடந்து வரும் ஏ5 நெடுஞ்சாலை செங்கலடிச் சந்தியில் வந்து முடிகிறது. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ15 பாதை அங்கே அதைச் சந்திக்கிறது. விடிவதற்கு முன்னமே இந்தச் சந்தியில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். பட்டணத்துப் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் வயதானவர்கள் சிலரை ஒரு பார்வையிலேயே அடையாளம் காணலாம். கையில் பொலித்தீன் பை. அதற்குள் அட்டை மங்கிய கிளினிக் கொப்பி, இரத்தப் பரிசோதனைத் தாள்கள், முடிந்துபோன குளிசை உறைகள், ஒரு தண்ணீர்ப் போத்தல். காலைச் சாப்பாட்டுக்கு முன் இரத்தம் குத்த வேண்டும் என்பதால் வெறும் வயிறு.

அப்படி நிற்கும் ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். அவர் தனி ஒரு ஆள் அல்ல. இந்தப் பக்கத்து முதியவர்கள் பலரின் நிலையைச் சேர்த்து நான் வடித்தெடுத்த ஒருவர். வயது 67. இளமையை வாழைச்சேனைக் காகித ஆலையில் கழித்தவர். 1956இல் இயங்கத் தொடங்கிய அந்த ஆலை, வயலில் மிஞ்சும் வைக்கோலைக் கூழாக்கிக் காகிதம் செய்தது. பக்கத்தில் ஒரு குடியிருப்புக்கே காகிதநகர் என்று பெயர் நிற்கிறது. இவர் குடும்பம் கறுத்தப் பாலத்துக்கு அப்பால், பங்குடாவெளிப் பக்கம். சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் உண்டு. மாதக் கிளினிக் 15 கிலோமீற்றர் அளவு தள்ளி, மட்டக்களப்புப் பட்டணத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில்.

அவர் நாலு மணிக்கு எழும்புகிறார். ஆட்டோ, பிறகு பஸ், பிறகு நம்பர் துண்டுக்கு வரிசை, இரத்தத்துக்கு வரிசை, டொக்டருக்கு வரிசை, மருந்துக்கு வரிசை. பின்நேரம் இரண்டு மணிக்கு வீடு. பத்து மணித்தியாலம். இதில் டொக்டர் அவரைப் பார்த்தது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் ஆஸ்பத்திரியின் புள்ளிவிபரத்தில் ஏறும். மிச்சம் ஒன்பது மணி ஐம்பத்தைந்து நிமிடமும் எந்தக் கணக்கிலும் ஏறாது.

ஓய்வுபெற்ற மனிதருக்கு நேரம் நிறைய இருக்கிறதுதானே, காத்திருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியோடு உடன்பாடில்லை. நாற்பது வருடம் ஆலைக்கும் வயலுக்கும் கடலுக்கும் கொடுத்த நேரத்தில் மிஞ்சியது இதுதான். ஆஸ்பத்திரி திறமாக இயங்குகிறதா என்று அளக்கும்போது அவருடைய நாளையும் சேர்த்து அளக்க வேண்டும். எப்படி அளப்பது என்பதற்கு அறிவியலிடம் கருவிகள் இருக்கின்றன.

முதலில் ஆஸ்பத்திரியின் பக்கத்துக் கணக்கைப் பார்ப்போம். உலகம் முழுவதும் மூன்று எண்களை வைத்துத்தான் அதைப் போடுகிறார்கள். ஓர் உதாரணம்: 30 கட்டில் உள்ள ஒரு சிறிய ஆஸ்பத்திரி, 30 நாள் மாதம். மொத்தம் 900 கட்டில்நாள். அதில் 450 நாள்தான் ஆள் படுத்திருந்தார் என்றால் கட்டில் நிரம்பும் வீதம் 50 சதவீதம். அந்த மாதம் 225 பேர் துண்டு வெட்டி வீட்டுக்குப் போனார்கள் என்றால் ஒருவர் தங்கியது சராசரி இரண்டு நாள். ஒவ்வொரு கட்டிலும் ஏழரைப் பேருக்குப் பயன்பட்டிருக்கிறது. கட்டில் எவ்வளவு நிரம்புகிறது, எத்தனை பேருக்குப் பயன்படுகிறது, ஒருவர் எத்தனை நாள் தங்குகிறார்: அவ்வளவுதான்.

கொலம்பியாவைச் சேர்ந்த இப்போலிட்டோ பாபோன் லாசோ 1986இல் இந்த மூன்றையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவந்தார். கிடையாக நிரம்பும் வீதம், நிலைக்குத்தாகக் கட்டிலொன்றுக்கு எத்தனை பேர் என்ற எண். சராசரிக் கோடுகள் இரண்டு அதை நான்கு அறையாகப் பிரிக்கும். இரண்டு எண்ணும் குறைவாக இருக்கும் அறையில் விழுந்தால், தேவைக்கு அதிகமாகக் கட்டில் போட்டிருக்கிறோம் அல்லது சனம் வருவதில்லை. இரண்டும் கூடுதலாக இருக்கும் அறையில் விழுந்தால் நல்ல பயன்பாடு. ஒரு சுகாதார அதிகாரி தன் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளை எல்லாம் ஒரு தாளில் புள்ளி வைத்துப் பார்த்துவிடலாம் என்பதால் இது இன்றும் பல நாடுகளில் கையாளப்படுகிறது.

ஆனால் முதியவர்களைப் பொறுத்தவரை இந்த வரைபடம் இரண்டு இடத்தில் வழுக்குகிறது. பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ வந்த ஒருவரை ஆறுதலாக எழுப்பி நடக்கவைக்கும் விடுதி, கட்டில் நிரம்பி ஆள் மாறாமல் இருக்கும் அறையில்தான் எப்போதும் விழும். வேலை சரியாக நடந்தாலும் படம் அதைக் குறையாகக் காட்டும். இரண்டாவது இதைவிடக் கவலையானது. எங்கள் காகித ஆலைக்காரரை அவசரப்பட்டு மூன்றாம் நாள் துண்டு வெட்டி அனுப்பி, அவர் இரண்டு கிழமையில் அதே வருத்தத்தோடு திரும்பி வந்தால், ஆஸ்பத்திரிக் கணக்கில் அவர் இரண்டு நோயாளி. தங்கிய சராசரி குறைகிறது, கட்டிலொன்றுக்கு ஆள் கூடுகிறது. படத்தில் புள்ளி நல்ல அறைப் பக்கம் நகர்கிறது. மனிதர் வீட்டில் மெலிந்துபோய்க் கிடக்கிறார்.

கட்டில் முழுக்க நிரம்பியிருந்தால் அது திறமை என்ற எண்ணமும் பிழை. இதை முதலில் கணக்கால் காட்டியவர் ஆஸ்பத்திரிக்காரர் அல்ல. கொப்பன்ஹேகன் டெலிபோன் கம்பனியில் வேலை செய்த டென்மார்க் கணிதர் ஏர்லாங். ஒரு நிலையத்துக்கு எத்தனை இணைப்பு வேண்டும் என்று பார்க்கப் போய், 1909இல் வரிசைகளின் கணிதத்துக்கு அடிபோட்டார். அதன் எளிய வடிவத்தை நம் கிளினிக்குக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டொக்டர், ஆளுக்குச் சராசரி ஐந்து நிமிடம், சனம் முன்பின்னாக வருகிறது. டொக்டருடைய நேரத்தில் பாதிதான் நிரம்பியிருந்தால் ஒருவர் சராசரி 5 நிமிடம் காத்திருப்பார். 80 சதவீதம் நிரம்பினால் 20 நிமிடம். 90 சதவீதத்தில் 45. 95 சதவீதத்தில் 95 நிமிடம். டொக்டரிடம் ஐந்து வீத வேலையைக் கூட்டியபோது, 45 நிமிடமாக இருந்த காத்திருப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. கட்டிலுக்கும் இதே விதிதான். 1999இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் கணினியில் ஒரு ஆஸ்பத்திரியை ஓட்டிப் பார்த்தபோது, சராசரி 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் அவசரமாக வருபவருக்குக் கட்டில் இல்லாமல் போகும் ஆபத்து தலைகாட்டியது. 90ஐத் தாண்டினால் நெருக்கடி வழமையாகிவிட்டது. வெறும் கட்டில் சிலது இருப்பது வீணல்ல, அது வரப்போகும் மாரிகால இரவுக்கு.

இன்னொரு சின்னக் கணக்கு, இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கிளினிக்கில் 60 பேர். எல்லோருக்கும் ‘காலை 7 மணி’ என்று கொப்பியில் எழுதியிருக்கிறது. ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் கடைசி ஆள் பார்க்கப்படும்போது பன்னிரண்டு மணி ஆகும். சராசரிக் காத்திருப்பு ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம். அதே 60 பேரை மணிக்குப் பன்னிரண்டு பேராகப் பிரித்து ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று என்று எழுதிக் கொடுத்தால் சராசரிக் காத்திருப்பு அரை மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். புதிய டொக்டர் இல்லை, புதிய கட்டடம் இல்லை, ஒரு சதம் செலவு இல்லை. பேனை பிடிப்பவர் எழுதும் எண் மட்டும் வேறு. பங்குடாவெளி போன்ற படுவான்கரை ஊர்களிலிருந்து வருபவருக்கு எந்த நேரத்து பஸ் பொருந்தும் என்று கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.

சரி, பட்டணத்துக்கு ஏன் போகிறார்? செங்கலடியிலேயே பிரதேச வைத்தியசாலை இருக்கிறது. அவர் ஏறும் பஸ் ஏறாவூர் ஆதார வைத்தியசாலையையும் கடந்துதான் போகிறது. இலங்கையில் இதற்குத் தடையே இல்லை. யாரும் எந்த அரச ஆஸ்பத்திரிக்கும் கடிதம் இல்லாமல் நேராகப் போகலாம், காசும் கொடுக்கத் தேவையில்லை. இது சின்னச் சுதந்திரம் அல்ல. சாதியும் வசதியும் பார்த்து வைத்தியம் கிடைத்த காலத்தைக் கடந்து வந்த நாடு இது. ஆனால் அதே சுதந்திரத்தால் பெரிய ஆஸ்பத்திரி நெரிகிறது, சின்ன ஆஸ்பத்திரி ஆறுகிறது. விடுதியில் சேர்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் அரச ஆஸ்பத்திரிகளில்தான் சேர்கிறார்கள். வெளிநோயாளராகக் காட்டப் போகிறவர்களில்தான் பாதியளவினர் தனியாரிடம் காசு கொடுக்கிறார்கள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதை அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. அங்கே விசேட வைத்திய நிபுணர் இருக்கிறார், ஆய்வுகூடம் இருக்கிறது, குளிசைக்குத் தட்டுப்பாடு வராது என்ற நம்பிக்கை இருக்கிறது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோதும், டொக்டர்மார் பலர் நாட்டை விட்டுப் போனபோதும், சின்ன இடங்கள்தான் முதலில் காய்ந்தன என்று சனம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ஒருதரம் வெறுங்கையோடு திரும்பி வந்தவர் மறுதரம் நேரே பட்டணத்து பஸ்ஸில் ஏறுவார். அவருடைய பார்வையில் அதுதான் திறமான பயன்பாடு.

பெரிய ஆஸ்பத்திரிக்கே உடனே போக வேண்டிய நேரங்களும் உண்டு. இந்த மண்ணுக்கே உரிய ஓர் உதாரணம் சொல்கிறேன். வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பக்ரீரியா மெலியோய்டோசிஸ் என்ற வருத்தத்தைக் கொண்டுவருகிறது. மட்டக்களப்புப் பக்கத்தில் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இது பதிவாகியிருக்கிறது. காலில் இருக்கும் சின்ன வெடிப்பு அதற்குப் போதும். சிலவேளை மூச்சோடும் உள்ளே போகும். சீனி வருத்தக்காரரை அது விசேடமாகத் தேடிப் பிடிக்கும். சாதாரண சளிக்காய்ச்சல் போலத் தொடங்கி நுரையீரலையும் இரத்தத்தையும் தாக்கும். வழமையாகக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகள் பலவற்றுக்கு அது மசியாது. இரத்தத்தை வளர்த்துப் பார்க்கும் ஆய்வுகூடம் வேண்டும், குறைந்தது பத்து நாளுக்கு மேல் நரம்பு வழி மருந்து வேண்டும், பிறகு மாதக்கணக்கில் குளிசை வேண்டும். ஓய்வுபெற்ற பிறகு மாரி வேளாண்மைக்கு மண்வெட்டியோடு இறங்கும் ஒரு 67 வயதுக்காரருக்குக் காய்ச்சல் வந்தால், ‘சின்ன வருத்தம்தானே’ என்று கைமருந்து பார்க்கவே கூடாது. குறைவாகப் போவது சிக்கனம் என்று எண்ணக்கூடாது. எந்த வருத்தத்துக்கு எங்கே போவது என்று தெரிந்திருப்பதுதான் பெறுமதி.

மாதாமாதம் பிரஷர் பார்த்து அதே குளிசையை எழுதி வாங்குவதற்கு 15 கிலோமீற்றர் வேண்டாம். காய்ச்சலுக்கு அந்த 15 கிலோமீற்றரை ஒரு மணித்தியாலமும் தாமதிக்காமல் கடக்க வேண்டும். நடப்பது பெரும்பாலும் தலைகீழாக.

இனி விடுதிக்குள் போவோம். போன மாரியில் எங்கள் ஆலைக்காரருக்குக் காலில் புண், காய்ச்சல். பத்து நாள் கட்டிலில். பார்வை நேரத்துக்கு மகள் சோற்றுப் பார்சலோடு வந்து, ‘எழும்பாதீங்க அப்பா, படுங்க’ என்கிறாள். பக்கத்துக் கட்டில்காரரும் அதையே சொல்கிறார். அன்பால் சொல்கிறார்கள். ஆனால் முதிய உடம்புக்குக் கட்டில் ஒரு மருந்தாகவும் இருக்கிறது, நஞ்சாகவும் இருக்கிறது.

1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் சுகதேகியான ஐந்து இளைஞர்களை மூன்று கிழமை கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது 20. முப்பது வருடத்துக்குப் பிறகு அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார்கள். உழைக்கும் வலு, முப்பது வருட முதுமையில் குறைந்ததைவிட அந்த மூன்று கிழமைப் படுக்கையில் கூடுதலாகக் குறைந்திருந்தது. 2007இல் வெளியான இன்னோர் ஆய்வில், சராசரி 67 வயதுள்ள, வருத்தம் ஒன்றும் இல்லாத சிலர் பத்து நாள் படுத்திருந்தார்கள். அளவான சாப்பாடு கொடுத்தார்கள். அப்படியிருந்தும் கால்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிற்று. முழங்காலை நீட்டும் பலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்த ஒரு நோயாளிக்கு இழப்பு இதைவிடக் கூடவே இருக்கும்.

ஒரு கிலோ தசை என்பது எதைக் குறிக்கிறது? வளவுக் கிணற்றில் வாளி இழுப்பதை, கக்கூசில் குந்தி எழும்புவதை, பஸ் படியில் கால் வைப்பதை. ஆஸ்பத்திரி அவருடைய புண்ணை ஆற்றியது. அது பெரிய வெற்றி, கால் தப்பியது. ஆனால் நடந்து உள்ளே போனவர் பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே வருகிறார். துண்டில் ‘சுகமாகி அனுப்பப்பட்டார்’ என்ற பொருளில்தான் எழுதப்படும்.

இங்கேதான் வாழ்க்கைத்தரம் என்ற அளவுகோல் தேவைப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் இதற்கென 26 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வைத்திருக்கிறது. முதல் இரண்டு பொதுவானவை. மிச்சம் 24ம் நாலு பிரிவு: உடல், மனம், உறவு, சூழல். நோவு உங்கள் வேலையை எவ்வளவு தடுக்கிறது, நித்திரை எப்படி, தேவைக்குக் காசு இருக்கிறதா, சிநேகிதர்கள் தாங்குகிறார்களா, பொழுதுபோக்க வாய்ப்பு இருக்கிறதா என்று அது கேட்கிறது. இந்த 26இல் சுகாதார சேவை எட்டக்கூடியதாக இருக்கிறதா என்பது ஒரே ஒரு கேள்வி. அதற்கு அடுத்த கேள்வி என்ன தெரியுமா? போக்குவரத்து. ஆஸ்பத்திரிக்கும் பஸ்ஸுக்கும் ஒரே நிறை. அந்தப் படிவத்தை வகுத்தவர்கள் செங்கலடிச் சந்தியில் ஒரு விடியற்காலை நின்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

இன்னோர் அளவுமுறை ஐந்து விடயத்தை மட்டும் கேட்கிறது: நடமாட்டம், தன் வேலையைத் தானே பார்த்தல், வழமையான அலுவல், நோவு, மனக்கவலை. ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை. மொத்தம் 243 விதமான நிலைமைகள் வரும். எந்த நிலைமைக்கு எவ்வளவு பெறுமதி என்பதை நாட்டுக்கு நாடு சனத்திடமே கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். ‘இந்த நிலையில் பத்து வருடம் வாழ்வதா, முழுச் சுகத்தோடு அதைவிடக் குறைந்த காலம் வாழ்வதா? எத்தனை வருடத்தை விட்டுக்கொடுப்பீர்கள்?’ என்பதுதான் கேள்வி. இலங்கைக்கென்று அப்படி ஒரு பெறுமதி அட்டவணை 2015இல் வெளிவந்தது. நம்மவர்களின் மனதை வைத்து நம்மவர்களின் சுகத்தை அளக்கக் கருவி கையில் இருக்கிறது. அதைக் கிளினிக் கொப்பிக்குள் கொண்டுவருவதுதான் மிச்சம்.

வருத்தத்தின் அளவும் வாழ்க்கையின் அளவும் ஒன்றல்ல என்பதை ஓய்வுபெற்ற தொழிலாளர்களே காட்டியிருக்கிறார்கள். பிரான்சின் மின்சார, எரிவாயுக் கம்பனி ஊழியர்களை ஆய்வாளர்கள் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஓய்வுக்கு முந்தின வருடம், தன் சுகம் குறைவு என்று சொன்னவர்கள் 19 சதவீதம். ஓய்வுபெற்ற முதல் வருட முடிவில் அது 14 ஆனது. அவர்களுடைய சீனியும் இருதய வருத்தமும் அதனால் குறையவில்லை. களைப்பும் மனச்சோர்வும்தான் குறைந்தன. வேலை எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு ஆறுதல் கூடுதல். ஆனால் அவர்கள் கைநிறைய ஓய்வூதியம் உள்ளவர்கள் என்பதை மறக்கக்கூடாது.

இங்கே நிலைமை ஆளுக்கு ஆள் மாறும். அரச உத்தியோகம் பார்த்த வாத்தியாருக்கு மாதாமாதம் பென்ஷன் விழும். அரச ஊழியருக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதியும் ஓய்வூதியர் வரை விரிக்கப்பட்டது. காகித ஆலை போன்ற கூட்டுத்தாபனத்தில் வேலை செய்தவருக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதி. தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் போட்டுச் சேர்ந்த காசு ஒரே தரம் கைக்கு வரும். ஆணுக்கு 55 வயதில், பெண்ணுக்கு 50இல். விவசாயிக்கு 1987இலும் மீனவருக்கு 1990இலும் ஓய்வூதியத் திட்டங்கள் சட்டமாயின. கிடைக்கும் தொகை சிறிது. கூலிக்கு வேலை செய்தவருக்கு அதுவும் இல்லை.

மட்டக்களப்பில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது முறை. சேமலாப நிதி அநேகமாக அந்த வீட்டின் கல்லும் சீமெந்துமாகவே போகிறது. மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் அதே வளவில் ஒரு பத்தியிலோ குசினிப் பக்கத்து அறையிலோ ஒதுங்குவார்கள். 26 கேள்விப் படிவத்தை இவர்களிடம் கொடுத்தால் உறவுப் பிரிவில் நல்ல புள்ளி வரும். மகள் ஒரு கூப்பிடு தூரத்தில், பேரப்பிள்ளைகள் காலடியில். காசுக் கேள்வியில் கீழே போகும். கொழும்பில் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வூதியருக்கு நேர்மாறாக வரலாம். ஒரே வயது, ஒரே வருத்தம், வேறு வாழ்க்கை. யாருக்கு எந்த உதவி என்பதை இந்தப் படிவம்தான் சொல்லும், இரத்தத்துச் சீனி அளவு சொல்லாது.

கிளினிக் வரிசையைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். ‘உங்கட சீனி எவ்வளவு நிக்குது?’ ‘அத விடுங்க அண்ணன், மகன் கட்டாரில இருந்து எப்ப வாறான்?’ என்று அந்த வாங்கில் நடக்கும் பேச்சைக் கேட்டவர்களுக்குத் தெரியும், சிலருக்கு மாதத்தில் அதுதான் ஊரைவிட்டு வெளியே வரும் நாள். ஆலையில் ஒன்றாக வேலை செய்தவரைக் காண்பது அங்கேதான். காத்திருப்பை ஒழிக்கும்போது அந்தச் சந்திப்பையும் ஒழித்துவிடக்கூடாது. செங்கலடியிலோ சித்தாண்டியிலோ முதியோர் சங்கம் கூடும் நாளும் பிரஷர் பார்க்கும் நாளும் ஒன்றாக இருந்தால், வாங்கும் பேச்சும் அங்கே வந்துவிடும்.

எது வேலை செய்யும் என்பதற்கு உலகத்தில் நல்ல சான்று இருக்கிறது. நோர்வேயில் 45 இலட்சம் பேரின் 2018ஆம் ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஒரே குடும்ப வைத்தியரிடம் 15 வருடத்துக்கு மேல் காட்டி வந்தவர்கள், ஒரு வருடம் மட்டும் காட்டியவர்களைவிட ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சேர்வது 30 சதவீத அளவு குறைவு. இறப்பு 25 சதவீத அளவு குறைவு. புது மருந்து இல்லை, இயந்திரம் இல்லை. தெரிந்த முகம் ஒன்று. ‘போன மாதம் நடந்து வந்தீங்க, இந்த மாதம் ஏன் பொல்லு?’ என்று கேட்க, போன மாதம் பார்த்தவரால்தான் முடியும்.

நமக்கு இது அந்நியமான யோசனையும் அல்ல. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கிய நாடு இது. அந்த மரபில் வளர்ந்த குடும்ப நல உத்தியோகத்தர், கர்ப்பிணித் தாயின் வீட்டுப் படலையைத் திறந்து வருகிறார். பெயர் தெரியும், முதல் பிள்ளை எப்படிப் பிறந்தது என்று தெரியும். 1930களில் இலட்சம் பிறப்புக்கு 2,000 தாய்மாருக்கு மேல் இறந்த தேசத்தில் இன்று அது 30 அளவில் நிற்பதற்கு அந்தப் படலை திறக்கும் சத்தமும் ஒரு காரணம். பிள்ளை பெறும் தாய்க்கு அப்படி ஓர் ஏற்பாட்டைக் கட்டிய நாம், அந்தப் பிள்ளை வளர்ந்து உழைத்து ஓய்வுபெறும்போது அதே படலையைத் திறக்க ஆளில்லாமல் விட்டோம். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பிலேயே 60 வயதைக் கடந்தவர்கள் 12.4 சதவீதம், அதற்குப் பிறகு ஏறியே வருகிறது. 2011 முதல் நடக்கும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களும், கிராமத்து மருத்துவப் பிரிவுகளுக்கு நியமிக்கப்படும் பொதுச் சுகாதாரத் தாதியரும் அந்த வெற்றிடத்துக்கான தொடக்கம். அவர்களுக்கு ஆளும் சைக்கிளும் மருந்தும் கொடுத்து முழு மூச்சாக இறக்கினால் படுவான்கரை முழுக்கப் போய்ச் சேரலாம்.

கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய்ப் பிரஷரும் சீனியும் பார்த்துக் குளிசை கொடுக்கிறார்கள். இயன்முறைச் சிகிச்சையாளரும் நோவு தணிக்கும் தாதியும் வீட்டுக்கு வருகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது அதற்குக் கிடைத்தது. நாமும் செய்திருக்கிறோம், நெருக்கடியில். 2020இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக் மருந்துகளைத் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். முடியாது என்று நினைத்த வேலை சில கிழமையில் நடந்தது.

ஆலைக்காரரின் கால் தசைக்கு வருவோம். அதை அளக்க இயந்திரம் தேவையில்லை. கைப்பிடி இல்லாத ஒரு கதிரை, ஒரு மணிக்கூடு. நெஞ்சின் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு ஐந்து தரம் எழும்பி இருக்கச் சொல்ல வேண்டும். 15 செக்கனுக்கு மேல் போனால் கால் பலம் குறைந்துவிட்டது, விழும் ஆபத்து கூடிவிட்டது என்று முதுமை மருத்துவர்கள் கணிக்கிறார்கள். விடுதிக்குள் காய்ச்சல் தணிந்ததும் ஒரு தரம், துண்டு வெட்டும் நாளில் ஒரு தரம் பார்க்கலாம். முதல் தரம் 14, இரண்டாம் தரம் 19 என்று வந்தால், அந்த ஐந்து செக்கனையும் குளிசைப் பெயர்களுக்குக் கீழே எழுதி அனுப்ப வேண்டும். செங்கலடியில் அந்தத் துண்டை வாங்கிப் பார்ப்பவர், முட்டை சாப்பிடுகிறாரா, ஒரு நாளைக்கு எத்தனை தரம் கதிரையால் எழும்புகிறார் என்று கேட்டு, அடுத்த கிழமை வரச் சொல்லித் திகதியும் நேரமும் போட வேண்டும். பங்குடாவெளியிலிருந்து எத்தனை மணி பஸ் என்று கேட்டுவிட்டு.